பீரோவிலிருந்து வந்த பட்டம்

ஜூன் 14, வெள்ளி

மாடியில் குடியிருக்கும் பர்வீன் உடற்கல்வியில் பட்டம் பெற்றவள். பம்மலில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த அன்றே பட்டத்தின் அசலை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். ஆசிரியர்கள் பாதியில் ஓடிவிடக் கூடாதாம். இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளி ஒன்றரை மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டது. நேர்காணலுக்கு அசலோடு வரச் சொன்னது.

"சார், நீங்க ஒரு போன் போட்டா போதும். பத்திரிகைக்காரர்னா குடுத்துடுவாங்க," என்று திங்களன்று கேட்டாள். போட்டேன். தாளாளர் குழைந்தார்.

"இதுக்கெல்லாம் நீங்க பேசணுமா சார்? பொண்ணை வரச் சொல்லுங்க."

அன்று மாலையே அசலைக் கொடுத்தார்கள். விசிலையும் மைதானத்துச் சாவியையும் வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்று கூடுவாஞ்சேரி போய்வந்தவளைப் படியில் நிறுத்திக் கேட்டேன்.

"பழைய ஸ்கூல்ல விசாரிச்சிருக்காங்க சார். பிரஸ்ஸை வெச்சு மிரட்டற பொண்ணு எங்களுக்கு வேணாம்னுட்டாங்க." கொஞ்சம் சிரித்தாள். "டிகிரியாவது வீட்டுக்கு வந்துச்சு. அத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. இதுக்கா ஃபீஸ் கட்டினேன்னு ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லாயிருக்கும்."

கூடுவாஞ்சேரிப் பள்ளியில் பேசி, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று விளக்கலாம். எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். ஆனால் பேசப்போவதும் அதே பத்திரிகைக்காரன்தான். பேசவில்லை.