இந்த வீட்டில் வசிப்பவர்கள்

உ
பிள்ளையார் துணை

புளியங்கூடல்,
09.11.2025

அன்புள்ள ராசா ஜதுர்சனுக்குச் சின்னம்மா எழுதிறது,

அம்மாளாச்சியின்ரை காவலிலை இஞ்சை நான் முழங்கால் நோவைத் தவிர வேறை குறையில்லாமல் இருக்கிறன். நீயும் மருமகள் நிலக்சனாவும் அந்தக் குளிருக்கை தடிமன் காய்ச்சல் அண்டாமல் இருக்க வேணுமெண்டு வெள்ளிக்கு வெள்ளி உங்கள் ரெண்டு பேரின்ரையும் பேர் நட்சத்திரம் சொல்லித்தான் அருச்சனை செய்யிறனான். போன மாசம் கந்தசட்டி விரதம் ஆறு நாளும் இளநீரோடை இருந்து முடிச்சன், தலைச்சுத்து வரேல்லை, அம்மாள் காப்பாத்தினவ. இந்தக் கடிதத்தை அரியநாயகம் மாஸ்ரரின்ரை மகள் அனோஜினி கொண்டு வருவாள், அவள் வாற வியாழக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புறாள். மிளகாய்த்தூள் ரெண்டு பை, ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் அவளிட்டைக் குடுத்திருக்கிறன், பனங்கட்டியை நிலக்சனாவுக்கு முதல் குடு. அதுகளோடை நாலாய் மடிச்ச ஒரு பொலிஸ் படிவம், போம், கிடக்கும், அதைக் கண்டவுடனை பயப்பிடாதை, முதல் இந்தக் கடிதத்தை முழுக்க வாசி. போனிலை சொல்லியிருக்கலாம்தானே எண்டு நீ கேட்பாய். போனிலை நான் கேட்டால் நீ வேலைக்குப் போற வழியிலை நிண்டு ஓம் சின்னம்மா எண்டு ஏதோ ஒண்டைச் சொல்லிப்போட்டு வைச்சிடுவாய், எனக்கு அந்த உடனடிப் பதில் வேண்டாம், அதுதான் எழுதிறன்.

விசயம் ஆவணி மாசத்திலை துவங்கினது. எங்கடை குறிச்சியிலை ஆக்கள் வெளிநாட்டிலை இருக்கிற ரெண்டு வீட்டிலை கிணத்து மோட்டரைக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், செல்லாச்சியக்கான்ரை பசுமாடும் கண்டும் மேய்ச்சலுக்குப் போனது திரும்பி வரேல்லை. அதுக்குப் பிறகு பொலிஸ் வீடு வீடாய் ஆர் ஆர் இருக்கினம் எண்டு எழுதச் சொல்லிக் கிராம சேவகர் விதானையாரிட்டைப் போம் குடுத்துவிட்டது. எங்கடை விதானையார் இப்ப நிசாந்தன் எண்டு ஒரு இளம் பிள்ளை, நல்ல பிள்ளை, கோயில் வழியாலை போனால் சைக்கிளிலை இருந்து இறங்கிக் கும்பிட்டுட்டுத்தான் போவார். போமின்ரை தலையிலை இந்த வீட்டில் வசிப்பவர்கள் எண்டு போட்டுக் கீழை ஆறு கோடு கிடந்தது. முதல் கோட்டிலை என்ரை பேரை எழுதினன். பிறகு மிச்சம் அஞ்சு கோடும் வெறுமையாய்க் கிடக்கிறதைப் பாத்தன் ராசா. இந்தப் பேப்பர் எத்தினை கையுக்குப் போகுமோ, இந்த வீட்டிலை ஒரு பொம்பிளை மட்டும்தான் எண்டு ஆர் ஆர் வாசிப்பாங்களோ எண்டு யோசிச்சன். ரெண்டாவது கோட்டிலை உன்ரை பேரை எழுதிப்போட்டன். வயசு முப்பத்திமூண்டு, உறவுமுறை மகன். என்ரை அக்கா மேலை இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறா, மகன் எண்டு எழுதினதுக்கு அவ கோவிக்கமாட்டா, உன்னை ஆறு வயசிலை அவதானே என்ரை கையிலை தந்தவ. நீ கனடாவிலை எண்டு ஊருக்கே தெரியும், விதானையாருக்கும் தெரியும், ஆனால் அவர் வாசிச்சுப்போட்டு ஒண்டும் பேசாமல் கையெழுத்து வைச்சார். அவருக்கும் என்னாலை இப்ப ஒரு பிரச்சினை வந்திடுமோ எண்டது எனக்கு வேறை யோசினை.

ஐப்பசியிலை சனசமூக நிலையத்திலை பொலிஸ் ஒரு கூட்டம் வைச்சது. ஊர்ப் பாதுகாப்புக் குழு எண்டு ஒண்டு போடப் போகினமாம், பொலிசும் சனமும் சேர்ந்து பாக்கிறதாம். ஒரு சிங்களச் சார்ஜனும், மட்டக்களப்புப் பக்கத்துப் பொலிஸ்காரப் பிள்ளை ஒண்டும் வந்தவை, அவவுக்குப் பேர் பிரியவதனி. சார்ஜன் சொல்லச் சொல்ல அவ தமிழிலை சொன்னவ. அவ பிறகு எண்டுறதுக்கு மறுகா எண்டுவா, முதல் எங்கடை பொம்பிளையள் வாயைப் பொத்திச் சிரிச்சவை, பேந்து அவவின்ரை கதை எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. றோட்டு வளைவிலை வெளிச்சம் இல்லை எண்டு சொன்னதையும், மாட்டுக் கள்ளரைப் பற்றிச் சொன்னதையும் ஒரு கொப்பியிலை வடிவா எழுதினவ. எல்லாம் நல்லாய்த்தான் போனது. கடைசியிலை குழுவுக்கு இளம் ஆம்பிளையள் வேணுமெண்டு போமுகளிலை இருந்து பேர் எடுத்துக்கொண்டு வந்திருக்கினம். எங்கடை குறிச்சியிலை அந்த வயசிலை மொத்தம் நாலு பேர்தானாம், அதிலை மூண்டாவது பேர் நீ. ஜதுர்சன் எண்டு ஒருக்காக் கூப்பிட்டா, ஆரும் எழும்பேல்லை. ரெண்டாந்தரமும் கூப்பிட்டா. பின்னாலை இருந்து சிவபாதமண்ணை, ஆள் வருவார் பிள்ளை, பிளேன் கொஞ்சம் லேற் எண்டார். சனம் கொல்லெண்டு சிரிச்சுது. நான் முன் கதிரையிலை குனிஞ்சுகொண்டு இருந்தனான். அந்தப் பிள்ளை சிரிக்கவும் இல்லை ஒண்டும் கேக்கவும் இல்லை, கொப்பியிலை ஏதோ ஒரு அடையாளம் போட்டவ.

கூட்டம் முடிஞ்சு வரேக்கை சிவபாதமண்ணை எங்கடை வாசல் படலை மட்டும் கூட வந்து, பொலிசுக்குப் பொய்த் தகவல் குடுத்தால் குற்றம் எண்டு அந்தப் போமின்ரை அடியிலையே கிடக்கு, கனடாவுக்கு அறிவிச்சால் பெடியன்ரை சிற்றிசன் எல்லாம் போயிடும் சுலோ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். அவர் பகிடிக்குச் சொன்னாரோ உண்மையாச் சொன்னாரோ தெரியாது, எனக்குச் சோறு இறங்கேல்லை. உனக்கு நினைவிருக்காது, நீ கைப்பிள்ளை. அந்த நாளையிலை வீட்டு லிஸ்ரிலை உன்ரை அப்பாவின்ரை பேர் கிடந்தது, ஆள் குருநாகலிலை கடையிலை நிண்டவர். வீடு பாக்க வந்த ஆமிக்காரர் இந்த ஆள் எங்கை எண்டு கேட்டு, உன்ரை அம்மா உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு வெய்யிலுக்கை படலையடியிலை மத்தியானம் மட்டும் நிண்டவ. பேர் கிடந்து ஆள் இல்லாட்டி என்ன பாடெண்டு கண்டனான். அதெல்லாம் தெரிஞ்சும் திரும்ப நானே அப்பிடி எழுதினன் எண்டால் எனக்கு என்ன விசரோ தெரியாது.

கூட்டம் முடிஞ்சு நாலாம் நாள் சார்ஜனும் பிரியவதனியும் வீட்டுக்கு வந்திட்டினம். குழுவிலை சேருறதுக்கு உனக்கு ஒரு கடிதம் கொண்டு வந்தவை. சார்ஜன் படலைக்குள்ளை வந்து, சாமியறைக் கதவு திறந்து கிடக்கிறதைக் கண்டிட்டுச் சப்பாத்தைக் கழட்டினார், அதைப் பாக்க எனக்கு இன்னும் கூடப் பயம் வந்தது ஏனெண்டு தெரியாது. அம்மா, மகன் எங்க எண்டு தனக்குத் தெரிஞ்ச தமிழிலை கேட்டார். என்ரை வாயிலை வந்தது என்ன தெரியுமே, மண்கும்பான் பிள்ளையார் கோயிலுக்குப் போட்டான், பின்னேரம் வருவான் எண்டு. பிள்ளையாரையும் சாட்சிக்கு இழுத்து ஒரு பொய். அவர் கிணத்தடிக்குப் போய் மோட்டரைப் பாத்து, இதுக்கு ஒரு இரும்புக் கூடு அடிச்சுப் பூட்டுங்கோ எண்டு கையாலை காட்டிச் சொன்னார். பிரியவதனி ஸ்ரேசன் நம்பரைப் பெரிசா எழுதித் தந்தவ, அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலை ஒட்டி வைச்சிருக்கிறன். அவை போன பிறகு கற்பூரம் கொளுத்தித் தலையிலை குட்டிக்கொண்டன், மண்கும்பானுக்கு நடந்து வந்து நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்ந்தும் வைச்சன். முழங்கால் நோவோடை எப்பிடி நடக்கிறதெண்டு பேந்துதான் யோசிச்சன்.

உனக்கு நான் சொல்லாத ஒரு விசயம் இருக்கு. நீ விட்டிட்டுப் போன, நீலக் கோடு போட்ட சேட்டு ஒண்டை நான் காலமையிலை கொடியிலை போட்டுவிடுறனான். உன்ரை பழைய செருப்பும் வாசலிலை கிடக்கும். றோட்டாலை போறவன் பாத்தால் வீட்டிலை ஆம்பிளை ஆள் இருக்கு எண்டு நினைக்கட்டும் எண்டுதான், இஞ்சை தனிய இருக்கிற பொம்பிளையள் கனபேர் உப்பிடித்தான் செய்யினம். போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. நான் என்ரை சீலை சட்டையெல்லாம் ஓடிப்போய் எடுத்திட்டு உள்ளை வந்து நிக்க, பிரியவதனி குடையோடை படலையைத் திறந்துகொண்டு வந்தவ, இந்தமுறை தனிய. தாழ்வாரத்திலை நிண்டு கொடியைப் பாத்தா. அம்மா, உங்கட உடுப்பெல்லாம் எடுத்திட்டிங்க, மகன்ட சேட்டை நனைய விட்டிட்டிங்களே எண்டா. நான் அதை எடுக்க வெளிக்கிட்டன். அண்டைக்கு வந்த நேரமும் அதே சேட்டு அதே இடத்திலதான் கிடந்தது அம்மா எண்டு மெல்லமாச் சொன்னா. அவ்வளவுதான் ராசா, அப்பிடியே கதிரையிலை இருந்து அழுதுபோட்டன். எல்லாத்தையும் சொன்னன், நீ போய்ப் பதினொரு வருசம், இடையிலை ஒருக்கா வந்தனி எண்டதும், மண்கும்பான் பொய்யும், விதானையாரிலை பிழையில்லை எண்டதும். என்னைப் பிடிச்சுக்கொண்டு போனாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு அங்கை ஒண்டும் வரக்கூடாது எண்டும் கேட்டன்.

அவ தொப்பியைக் கழட்டி மடியிலை வைச்சுக்கொண்டு எல்லாம் கேட்டவ. ஒருத்தரும் ஒரு இடமும் அறிவிக்கமாட்டாங்க அம்மா, இதைத் திருத்தி எழுதினாச் சரி எண்டா. பிறகு தன்ரை தாயைப் பற்றிச் சொன்னவ. எங்கட அம்மாவும் அப்பாட செருப்பைத் தினமும் துடைச்சு வாசல்ல வைக்கிறவ, அப்பா செத்து ஒன்பது வருசம், நான் பொலிசில இருந்தும் அவவைப் பாக்கிறதுக்கு ஆள் இல்ல எண்டா. நான் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன், பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுக் குடிச்சா. அவைக்கு இன்னொரு வேலையும் இருக்காம், தனிய இருக்கிற வயசுபோன ஆக்கள், பொம்பிளையளின்ரை பேரை ஒரு லிஸ்ரிலை எடுத்து, கிழமைக்கு ஒருக்கா வந்து சுகம் பாத்திட்டுப் போவினமாம். அந்த லிஸ்ர் வெளியாருக்குப் போகாதாம். எங்கடை வட்டாரத்திலை ஏழு பேர் இருக்கினம், உங்களைச் சேர்த்தால் எட்டு எண்டா. எனக்கு அது உதவி எண்டு விளங்குது. ஆனால் பொலிஸ் கிழமைக்குக் கிழமை படலைக்கு வந்தால் சனம் என்ன கதைக்கும், அதைவிட, தனிய இருக்கிறவள் எண்டு என்ரை கையாலை எழுதிக் குடுக்கிறதெண்டால் எனக்கு என்னவோ செய்யுது.

அவ தந்த போம்தான் இது. உன்ரை பேருக்கு நேரை ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்டு தற்காலிகமாக வெளியே இருக்கிறார் எண்டு. மற்றது நிரந்தரமாக வெளியேறிவிட்டார் எண்டு. முதல் கட்டத்துக்குப் போட்டால் உன்ரை பேர் இருக்கும், பக்கத்திலை கனடா எண்டு எழுதுவினம். மற்றதுக்குப் போட்டால் பேரை வெட்டி, என்ரை பேரை அந்த எட்டாவது ஆளாய்ப் போடுவினம். பேனையை நீட்டி, நீங்களே போடுங்க அம்மா எண்டா. நான் பேனையை வாங்கேல்லை. பதினொரு வருசமா உன்னட்டைக் கேக்காத கேள்வியை அந்தப் பேப்பர் ரெண்டு கட்டத்திலை கேக்குது. நீ ஒவ்வொரு முறையும் அடுத்த வருசம் பாப்பம் சின்னம்மா எண்டுவாய், நானும் ஓம் எண்டுவன், அதோடை விடுறது. என்ரை பிள்ளையிட்டைக் கேட்டுப்போட்டுத் தாறன் எண்டு சொன்னன். மாசக் கடைசி மட்டும் தவணை தந்தவ, படம் பிடிச்சு போனிலை அனுப்பினாலும் காணுமாம்.

நிலக்சனாவையும் பக்கத்திலை இருத்திக்கொண்டு புள்ளடியைப் போடு. அவள் அங்கை பிறந்து வளந்த பிள்ளை, இஞ்சத்தைக் கிணத்துத் தண்ணியின்ரை உவர் அவளுக்கு ஒத்துவராது, அது அவளின்ரை பிழையில்லை. சின்னம்மா பாவம் எண்டு நினைச்சு முதல் கட்டத்துக்குப் போடாதை, அப்பிடிப் போட்டால் நான் படலைச் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் எழும்பி எழும்பிப் பாப்பன், எனக்கு அது ஏலாது. ரெண்டாவது கட்டத்துக்குப் போட்டாலும் வெள்ளிக்கிழமை அருச்சனையிலை உன்ரை பேர் நிக்காது, அந்த லிஸ்ர் வேறை. உண்மையைப் போடு, அது காணும். பிறகு அந்தப் பிள்ளை வந்தால் இஞ்சித் தேத்தண்ணி குடுக்கிறதுக்கு ஒரு ஆளெண்டு நினைச்சுக்கொள்ளுறன், சனம் கதைக்கிறதைக் கதைக்கட்டும்.

பனிக்குள்ளை கார் மெதுவா ஓடு, காதை மூடித் தொப்பி போடு, காலமைச் சாப்பாட்டை விடாதை. நயினை நாகபூசணி அம்மாள் உன்னையும் நிலக்சனாவையும் தன்ரை சீலைத் தலைப்புக்குள்ளை வைச்சுக் காக்க வேணும், இந்தக் கடிதத்துக்குள்ளை வைச்சிருக்கிற திருநீறை ரெண்டு பேரும் பூசுங்கோ. ஒண்டை மட்டும் மறக்காதை. அண்டைக்குப் போகேக்கை பிரியவதனி படலையிலை நிண்டு திரும்பி, ஒரே சேட்டைப் போட்டால் கள்ளனுக்கும் விளங்கும் அம்மா, மாத்தி மாத்திப் போடுங்க எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. நீலச் சேட்டும் கொலர் வெளிறிப் பிஞ்சுபோச்சு. மார்கழியிலை செல்லாச்சியக்கான்ரை மகள் அங்கையிருந்து வாறாளாம், அவளிட்டை உன்ரை சேட்டு ரெண்டு குடுத்துவிடு. எந்தக் கட்டத்துக்குப் புள்ளடி போட்டாலும் குடுத்துவிடு. கடையிலை புதுசு வாங்காதை, நீ உடுத்துக் கழிச்சதாய் அனுப்பு.

இப்படிக்கு,
உன்னை வளத்த சின்னம்மா
சுலோஜனா