சப்பாத்து அலுமாரியில் வைத்த படம்

என் அன்புக்குரிய பேமா அக்கா,

இந்தக் கடிதத்தை இங்குள்ள எங்கள் தமிழ்ச் சஞ்சிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த தமிழ் ஐந்தாறு சொல்தான்: தம்பி, சோறு, போதும், மழை, கெதியா வா. வாசிக்கப் போகிறவர்கள் எல்லாம் என்னை அறிந்தவர்கள், கோயிலில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். நான் செய்த வேலை அவர்களுக்கும் தெரியட்டும்.

முதலில் ஊர்ப் புதினம். சலவைத் தொழிற்சாலையில் உங்கள் இடத்துக்கு ஒரு போலந்துப் பெண் வந்திருக்கிறா. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை இரண்டு பேராகப் பிடித்து, உதறி, சூட்டு உருளைக்குள் விடுவோமே, அந்த வேலையில் இப்போது எனக்கு எதிரே நிற்பது அவதான். நல்ல கைவேகம். ஆனால் மூலையை இழுத்துவிடாமல் விடுகிறா, விரிப்பு சுருங்கிப் போகிறது. நீங்கள் இருந்தால் கண்ணாலேயே திட்டியிருப்பீர்கள். என் மனைவி றீற்றாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. இந்தச் சனிக்கிழமை செபமாலைக்கு மாதா எங்கள் வீட்டுக்கு வருகிறா.

உங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். பேமா அக்கா திபெத்தில் பிறந்தவர். பனிமலையைக் கால்நடையாகக் கடந்து நேபாளம் போய், அங்கிருந்து எப்படியோ ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தவர். மன்னாரிலிருந்து வந்த அகதியான நானும் அவரும் ஒன்பது வருடம் ஒரே விரிப்பின் இரண்டு பக்கத்தைப் பிடித்தோம். கதைத்தது உடைந்த ஜேர்மன் மொழியில். அவர் சொன்னவற்றை இங்கே என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்த மலையை நீங்கள் கடந்தபோது மேலங்கியின் உட்துணிக்குள் ஒரு படம் தைத்து வைத்திருந்தீர்கள். உங்கள் சமயத்தின் பெரிய குருவின் படம், தபால் அட்டை அளவு, ஒரு மூலையில் தண்ணீர்க் கறை. அது உங்கள் தம்பியின் படம். அவர் துறவி. மடத்தைச் சோதனையிட வந்த சீன அதிகாரிகள் குருவின் படங்களை நிலத்தில் போட்டு, ஒவ்வொருவராக வந்து காலால் மிதிக்கச் சொன்னார்களாம். உங்கள் தம்பி மிதிக்க மறுத்தார், சிறைக்குப் போனார். அதற்கு முதல்நாள்தான் இந்த ஒரு படத்தை மட்டும் உங்களிடம் ஒளித்துக் கொடுத்திருந்தார். அதன் பிறகு உங்களுக்கு ஒரு தம்பி இல்லை என்று ஆகிவிட்டது. தொழிற்சாலையில் தமிழ்ப் பெண்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு நீங்களும் "தம்பி" என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். பொருள் தெரிந்துதான் கூப்பிட்டீர்கள். நான்தான் அதை லேசாக எடுத்துக்கொண்டேன்.

பீஜிங் ஒலிம்பிக் நடந்த வருடம் உங்களுக்கு எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். பங்குனி மாதம் உங்கள் தலைநகர் லாசாவில் ஆர்ப்பாட்டக்காரரைச் சுட்ட செய்தி வந்தபோது சாப்பாட்டு இடைவேளையில் வானொலியைக் காதோடு வைத்தபடி நின்றீர்கள். உங்கள் நாட்டு எழுச்சி நாளான மார்ச் பத்தாம் திகதி நகரசபை வாசலில் உங்கள் கொடியை ஏற்றுவார்கள். அன்றைக்கு அரைநாள் லீவு கேட்டுப் போய், பத்துப் பன்னிரண்டு பேரோடு குளிரில் நிற்பீர்கள். "தம்பி, பத்து நிமிசம் வந்து நில்லன்" என்று ஒவ்வொரு வருடமும் கேட்டீர்கள். ஒவ்வொரு வருடமும் எனக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. எங்கள் தமிழர் ஊர்வலத்துக்கு மட்டும் யாரும் வருவதில்லை என்று எத்தனை நாள் உங்களிடம் குறை சொல்லியிருப்பேன்?

புரட்டாதியில் உங்களுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. பிறகு உடம்பு தேற வேறு ஊரில் சில கிழமை தங்கவேண்டும் என்றார்கள். பூட்டிய அறையில் படத்தைத் தனியே விட உங்களுக்கு மனமில்லை. மஞ்சள் துணியில் சுற்றி, ஏழு பித்தளைக் கிண்ணங்களோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

"காலமை ஏழு கிண்ணத்திலயும் தண்ணி விடு. விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவில ஒரு பார்லி மணி அளவு இடம் இருக்கவேணும். பின்னேரம் ஊத்திப்போட்டுக் கவிட்டு வை. வெறுங் கிண்ணத்தை நிமித்தி வைக்கப்படாது, தம்பி."

"பார்லி மணிக்கு நான் எங்க போறது அக்கா? அரிசி மணி காணாதோ?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "காணும், காணும். உன்ர ஊர் மணியில அள" என்றீர்கள்.

மூன்று கிழமை ஒழுங்காகச் செய்தேன். இதை நம்புங்கள். வரவேற்பறைத் தட்டில் படம், அதன் முன்னால் ஏழு கிண்ணம். காலையில் தண்ணீர் விட்டபோது வீட்டுக்கு ஏதோ ஒரு நல்லது வந்த மாதிரியும் இருந்தது.

பிறகு ஐப்பசி வந்தது. ஐப்பசி எங்களுக்குச் செபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஒவ்வொரு வீட்டிலும் சில நாள் வைத்துச் செபம் சொல்வோம். முன்னுக்கு நின்று செபம் சொல்கிறவர் மரியதாஸ் அண்ணை. நல்ல மனிசன், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். ஒரு வீட்டுச் சுவரில் தமிழ்க் கடையில் கொடுத்த பிள்ளையார் படக் கலண்டரைக் கண்டுவிட்டு, "இவர் எப்ப ஞானஸ்நானம் எடுத்தவர்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். அந்த வீட்டுக்காரர் பட்ட பாட்டை நாங்கள் ஒரு வருடம் சொல்லிச் சிரித்தோம்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அழைப்பு மணி அடித்தது. படியில் பாட்டுக் கேட்டது. எனக்கு மரியதாஸ் அண்ணையின் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. கிண்ணங்களைக் குசினிக்குள் கவிழ்த்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு நடைக்கு ஓடினேன். கைக்கு எட்டிய கதவு சப்பாத்து அலுமாரி. உள்ளே தள்ளிச் சாத்தினேன். உங்கள் குரு இருந்த அதே இடத்தில் மாதாவை வைத்தோம். "அருள் நிறைந்த மரியே" சொல்லும்போது என் குரல்தான் எல்லாரையும் விடச் சத்தமாக இருந்ததாம். றீற்றா பிறகு சொன்னா.

மாதா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டா. படம் வெளியே வரவில்லை. நாளைக்கு எடுப்போம், நாளைக்கு எடுப்போம் என்று விட்டேன். றீற்றா ஒருநாள், "எங்க அந்தப் படம்?" என்று கேட்டா. "பத்திரமா இருக்கு" என்றேன்.

நீங்கள் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே வந்துவிட்டீர்கள். மெலிந்துபோய், கையில் ஆரஞ்சுப் பையோடு. றீற்றா வேலைக்குப் போயிருந்தா. நடையில் சப்பாத்தைக் கழற்றினீர்கள். நான் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டுவிட்டுத் திரும்பினால், நீங்கள் அலுமாரியைத் திறந்தபடி குனிந்து நிற்கிறீர்கள். என்னுடைய வேலைச் சப்பாத்துக்கு அடியில் மஞ்சள் துணியின் நுனி தெரிந்தது.

மெதுவாக இழுத்து எடுத்தீர்கள். உச்சந்தலையில் வைத்தீர்கள். சட்டை நுனியால் துடைத்தீர்கள். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். நீங்கள் போய் வெளிக்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்.

"தம்பி, ஆராவது வந்தவையோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பொலிஸோ? இல்லாட்டி அங்கத்தை ஆக்களோ? படத்தைத் தேடி வந்தவையோ?"

உங்களுக்கு வேறொரு காரணமும் தோன்றவில்லை அக்கா. உங்கள் தம்பி ஒருவன் இந்தப் படத்தைச் சப்பாத்துக்குள் வைத்தால், துவக்கோடு யாரோ வந்திருக்கவேண்டும் என்று நம்பினீர்கள். ஒரு செபக்கூட்டம் வந்தது, ஒருவர் பகிடி பண்ணிவிடுவார் என்று பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் இருந்து தப்ப வாயைத் திறந்தேன்.

"ஓம் அக்கா. ஒருத்தர் வந்து விசாரிச்சவர்."

"எப்பிடி ஆள்?"

"கண்ணாடி போட்ட ஆள்."

மரியதாஸ் அண்ணையின் கண்ணாடி அது. பொய் சொல்லவும் எனக்குப் புதிதாக ஒரு முகம் கிடைக்கவில்லை. நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்தீர்கள். "உன்ர வீட்டுக்குக் கரைச்சல் கொண்டுவந்திட்டன். மன்னிச்சுக்கொள் தம்பி" என்றீர்கள். தேத்தண்ணி குடிக்காமலே, படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். மன்னிப்புக் கேட்டது நீங்கள். நான் தலையாட்டினேன்.

அடுத்த கிழமையே உங்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் அறைக்கு வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் தேயிலை டின்னுக்குள், டின் அரிசி மாவுக்குப் பின்னால். ஊருக்கு மாதம் ஒருமுறை எடுக்கிற தொலைபேசியை நிறுத்திவிட்டீர்கள், சிறையில் இருக்கும் தம்பிக்கு அதனால் கெடுதல் வரும் என்று. மார்ச் பத்து வந்தபோது, நோய் முற்றி நீங்கள் நடக்க ஏலாமல் இருந்தீர்கள். எனக்கே பொறுக்காமல், "சக்கர நாற்காலியில நான் கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ" என்றேன். "ஏலாது தம்பி. பாத்துக்கொண்டு இருப்பினம்" என்றீர்கள். அந்த வருடம் உங்கள் கொடி ஏறியதை நீங்கள் பார்க்கவில்லை. சுதந்திரமான ஒரு நாட்டில், யாரும் உங்களைத் தடுக்காமல், என் ஒரு சொல் உங்களைத் திரும்பவும் அந்த ஊருக்குள் கொண்டுபோய் அடைத்துவிட்டது.

எனக்குத் தெரியாதா அக்கா, படத்தை ஒளிப்பது என்றால் என்னவென்று? மன்னாரில் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில், இராணுவம் தேடிய என் அண்ணையின் படத்தை அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தவ. சோறு போட அரிசி அள்ளும்போதெல்லாம் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே அள்ளுவா. அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசிக் கிழமை. தாதி வந்து, மேசையில் சாமி படம் ஏதும் வைக்க விருப்பமா என்று அன்பாகக் கேட்டா. நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினீர்கள். அவ போனதும் கேட்டீர்கள்:

"அந்தக் கண்ணாடிக்காரன் திரும்ப வந்தவனோ?"

"இல்லை அக்கா."

"நல்லது" என்று கண்ணை மூடினீர்கள். நாங்கள் இருவரும் கதைத்த கடைசிக் கதை அது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சாகப் போகிறவருக்கு நோகக்கூடாது என்று அன்றைக்கு எனக்கு நானே சொன்னேன். அதுவும் பொய். என்னை நீங்கள் வேறு கண்ணால் பார்ப்பதை எனக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது.

தேயிலை டின்னை எனக்கே கொடுக்கச் சொல்லியிருந்தீர்கள். கையில் கிடைத்த அன்றைக்கு றீற்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ டின்னைத் திறந்து படத்தைப் பார்த்தா. பிறகு, "உண்மையைச் சொல்லியிருந்தா அவ சிரிச்சுப்போட்டு விட்டிருப்பா" என்றா. எனக்கும் அது தெரியும் அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

மரியதாஸ் அண்ணையிடமும் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் உன்னட்டை ஏதும் கேட்டனோடாப்பா?" என்றார். "இல்லை அண்ணை" என்றேன். "பிறகேன் எனக்கு இப்பிடி ஒரு பழியைத் தந்தனி?" என்று கேட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இப்போது உங்களுக்கான செய்தி. சூரிச்சில் இருக்கும் உங்கள் உறவுக்காரர் போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தார். உங்கள் தம்பி சிறையால் வந்துவிட்டார். மடத்துக்குள் போக விடவில்லையாம், துறவி உடை உடுக்கவும் விடவில்லையாம். மாடு மேய்க்கிறாராம். ஆனால் உயிரோடு இருக்கிறார் அக்கா. நீங்கள் இறந்ததை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். தொலைபேசியில் குருவின் பெயரைச் சொல்ல முடியாது, அதனால் "பெரிய மாமா" என்பார்களாம். "அக்காவின் வீட்டில் பெரிய மாமா சுவரில் இருந்தாரா?" இதுதான் கேள்வி. அதற்கு நான்தான் பதில் எழுதவேண்டும் என்று உறவுக்காரர் சொல்கிறார். கடைசிவரை கூட இருந்தவன் நான்தானாம்.

இருந்தார் என்று எழுதலாம். அந்த மனிதர் இத்தனை வருடம் சிறையில் கிடந்ததற்கு அந்த ஒரு சொல் ஆறுதலாக இருக்கும். எழுதுவதற்குக் கையும் போனது. அந்தக் கையும் உங்களிடம் "ஓம்" சொன்ன வாயும் ஒருவனுடையவைதான் என்று நினைத்து நிறுத்தினேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவருக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுவேன்: எட்டு வருடம் சுவரில் இருந்தார், பிறகு ஒருவன் சொன்ன பொய்யால் டின்னுக்குள் போனார், அந்த ஒருவன் நான் என்று. இப்போது படம் எங்கள் வரவேற்பறையில், வாசலால் வருகிறவர் கண்ணுக்கு நேரே தொங்குகிறது. சனிக்கிழமை மாதா வந்து அதற்குப் பக்கத்தில் இருப்பா. தூக்கிக்கொண்டு வரப்போகிறவர் மரியதாஸ் அண்ணைதான். யாராவது இது யார் என்று கேட்டால் சொல்வேன். வருகிற மார்ச் பத்தாம் திகதி அரைநாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கொடியோடு நகரசபை வாசலில் நிற்பேன்.

இன்று காலையும் ஏழு கிண்ணத்திலும் தண்ணீர் விட்டேன். அரிசி மணி வைத்துத்தான் அளந்தேன்.

படத்தை மிதிக்க மறுத்தவர் உங்கள் முதல் தம்பி.
அதைச் சப்பாத்துக்கு அடியில் வைத்த
உங்கள் மற்றத் தம்பி,
அன்ரன்