அப்பாவின் கண்ணுக்குள் ஓடும் இரத்தம்

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்பாவின் கண்ணுக்குள் இரத்தம் ஓடுவதை நேரடியாக, கலரில், திரையில் பார்க்கப் போகிறேன்!!!

பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி. அப்பாவுக்கு இருக்கும் குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களின் கண்ணில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று டாப்ளர் அல்ட்ராசவுண்டில் அளக்கிறார்கள். ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் நான். போன் போட்டதும் நான். இதற்கென்றே ராத்திரி பகலாக வீடியோ பார்த்துப் படித்தவளாயிற்றே. அந்த அக்கறையை பி.காம்.மில் காட்டியிருந்தால் அரியர் இருந்திருக்காது. என் தோழிகளுக்கு நடிகர்கள். எனக்குக் கண் தமனி.

அப்பா பாளை–டவுண் மினி பஸ் ஓட்டுகிறார். தினமும் விட வேண்டிய சொட்டு மருந்தை ஞாயிறு ஆராதனை மாதிரி வாரத்துக்கு ஒருமுறைதான் விடுவார். பஸ்ஸின் இடது கண்ணாடி மறுபடி உடைந்ததிலிருந்து முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சி, “கண்ணு நல்லாருக்குன்னு எதாவது சீட்டு கொண்டா வே” என்று அரிக்கிறார்.

கொண்டுவருகிறேன் பாருங்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் விஜயஸ்ரீ அப்பாவைப் படுக்க வைத்து, “கண்ணை மூடுங்கய்யா” என்றார். கண்ணை மூடச் சொன்னால் எங்கள் சபையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பா இமையை இறுக்கி, உதட்டை அசைத்து, முழு ஜெபத்தில் இறங்கிவிட்டார். திரையில் அலை கிடந்து நடுங்கியது.

“ஐயா, சும்மா மூடினா போதும். இறுக்கினீங்கன்னா அழுத்தம் ஏறி, ஓட்டம் குறைஞ்ச மாதிரி காட்டும்.”

“பாதியில எப்படிம்மா விட? ஆமென் சொல்லிக்கிடுதேன்.”

விஞ்ஞானம் ஆமெனுக்காகக் காத்திருந்தது.

அப்புறம் வந்தது – சிவப்பும் நீலமுமாக! ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மலை. மலைக்கும் மலைக்கும் நடுவே உள்ள பள்ளம் தரையைத் தொடக் கூடாது. குளுக்கோமாக்காரர்களுக்குப் பலசமயம் தாழ்ந்துவிடும். அப்பாவுக்குத் தாழவில்லை. நான் கத்தியே விட்டேன்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். “இது ஆராய்ச்சிக்கு மட்டும். இத வச்சு ஒரு ஆளோட பார்வை எப்படி இருக்குன்னு சொல்ல முடியாது. அதுக்கு அடுத்த வாரம் ஃபீல்டு டெஸ்ட் இருக்கு.” அடக்கமானவர். இப்படித்தான் பேசுவார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாப்ளர் திரையைப் போனில் எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். “எங்கப்பா கண்ணுல தாமிரபரணி ஓடுது!” என்று தலைப்பு. இதயக்குறிகள் கொட்டுகின்றன!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என் பதிவு சபை குரூப்புக்குப் போனபோது ‘இரத்த ஓட்டம் நன்று’. பெரியப்பா கை பட்டதும் ‘நோய் நீங்கியது’. இன்று காலை மைக்கில் ‘அற்புத சுகம்’. இன்னும் ரெண்டு பேர் பகிர்ந்திருந்தால் அப்பா தண்ணீர்மேல் நடந்திருப்பார். திருத்தலாம் என்று எழுந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஃபீல்டு டெஸ்டுக்கு அப்பா தனியாகப் போனார். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். அலை கிடையாது, கலர் கிடையாது. எனக்கு ஆர்வமில்லை.

“என்ன சொன்னாங்கப்பா?”

“நல்லாருக்குட்டி.”

வரும் வழியிலேயே டாப்ளர் படத்தை லேமினேட் செய்துகொண்டு வந்திருக்கிறார். பஸ்ஸில் ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டப் போகிறாராம். அப்பாத்துரை அண்ணாச்சிக்கும் ஏகத் திருப்தி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுதியே ஆகணும்.

இன்னைக்கு அப்பா பஸ்லதான் டவுணுக்குப் போனேன். கீழ ரத வீதி. ஒரு அம்மாவும் பிள்ளையும் இடது பக்கத்துல இருந்து ரோட்டுல இறங்கினாங்க. எனக்குத் தெரியுது. பஸ்ல எல்லாருக்கும் தெரியுது. பஸ் வேகம் குறையவே இல்ல. பின்னால டிக்கெட் கொடுத்துக்கிட்டிருந்த கண்டக்டர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி தகரத்துல ஓங்கி அடிச்சார் – “ஏலே வேதமுத்து, நிறுத்துலே!”

பிள்ளையோட சாப்பாட்டுப் பை டயருக்கு அடியில. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல.

அப்பா கேட்டார்: “எங்கன? எங்கன நிக்கு?”

பிள்ளை இடது பக்கத்துல, பஸ்ஸை ஒட்டி நின்னு அழுதுக்கிட்டிருந்தது.

அண்ணாச்சி என்னைத் தனியே கூட்டிப்போனார். “பாப்பா, ரொம்ப நாளா அவரு வலது பக்கத்தைப் பாப்பாரு, நான் முன்வாசல்ல நின்னு இடது பக்கத்தைச் சொல்லுவேன். சைக்கிள் வருது, ஆட்டோ நிக்குன்னு. ரெண்டு பேருஞ் சேந்துதான் ஒரு டிரைவர். நீ போட்டதை வாசிச்சேன். சரியாயிட்டுல்லான்னு நெனச்சு, இடது பக்கத்தைச் சொல்லுததை விட்டுட்டேன்.”

நான் போட்டதை வாசிச்சு.

வீட்டில் கேட்டேன். அப்பா தலை நிமிரவில்லை. “ரெண்டு கண்ணுலயும் இடது ஓரம் போயிட்டு, திரும்ப வராது, ஓட்டாதீங்கன்னுதான் டாக்டரம்மா சொன்னாவ. நீ ஊரு பூரா நல்லாருக்குன்னு சொல்லிட்ட. டாக்டர் ஒரு ஆளு. ஊரு எம்புட்டு பேரு?”

நாளைக்கும் முதல் நடை அவருக்குத்தானாம்.

ஆகஸ்ட் 20, புதன்

விடியுமுன் ஷெட்டுக்குப் போய் டாக்டர் சொன்னதை அப்பாத்துரை அண்ணாச்சியிடம் சொன்னேன். அப்பாவும் அங்கேதான் நின்றார்.

“பாப்பா, அன்னைக்கு ஆறு ஓடுதுன்ன. இன்னைக்கு வத்திட்டுன்னு சொல்லுத. உன் கண்ணு நல்லாருக்கா?”

“ஓட்டம் வேற, பார்வை வேற அண்ணாச்சி. எனக்கே நேத்துதான் புரிஞ்சுது. நேத்து கீழ ரத வீதியில என்ன நடந்துச்சுன்னு கண்டக்டர் அண்ணாச்சிட்ட கேளுங்க.”

ஐயம்பெருமாள் அண்ணாச்சி தரையைப் பார்த்தார். அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினார்.

முதலாளி கையை நீட்டினார். அப்பா சாவியைக் கொடுத்தார். என்னைப் பார்க்காமலே வெளியே போனார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பா என்னோடு பேசுவதில்லை. சபையில் திருத்தம் சொல்லப் போதகரிடம் அனுமதி கேட்டேன். “நேரமில்லையேம்மா.” சுகம் கிடைத்தால் மைக் உண்டு. கிடைக்காதவர்கள் பின்வரிசை.

ஆகஸ்ட் 27, புதன்

முதல் நடை நேரத்துக்கே அப்பா எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 30, சனி

சாப்பிடும்போது அப்பா திடீரென்று கேட்டார். “ஏட்டி, அந்தப் பிள்ளை என்ன கலர் சட்டை போட்டிருந்துச்சு?”

“மஞ்சள், பா.”

“மஞ்சளா...” தட்டைத் தள்ளி வைத்தார். “மஞ்சள் கூடவா தெரியாம போச்சு?”

கை கழுவிவிட்டு வந்து, அம்மாவிடம் சொட்டு மருந்து எங்கே என்று கேட்டார்.

செப்டம்பர் 6, சனி

புதுப் பதிவை எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஒரு ஓட்டுநர்’ என்று போட்டிருந்தேன். “ஒரு ஓட்டுநர் என்னட்டி ஒரு ஓட்டுநர்? வேதமுத்துன்னு போடு. எந்த ரூட்டுன்னும் போடு. என் பஸ்ல ஏறினவங்களுக்குத் தெரியட்டும்” என்றார். போட்டுவிட்டேன்:

“பாளை–டவுண் மினி பஸ் ஓட்டிய வேதமுத்துவின் மகள் ஜெசி எழுதுகிறேன். அப்பாவுக்கு ரெண்டு கண்ணிலும் இடது ஓரம் தெரியாது. அவர் கண் சரியாகிவிட்டது என்று நீங்கள் நம்ப நான்தான் காரணம், அது தப்பு. போன பார்வை வராது. இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடுகிறார், பஸ் ஓட்டுவதில்லை. குளுக்கோமா வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதிக்க வேண்டும். திங்கட்கிழமை நானும் போகிறேன். லைக் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு டிரைவருக்கு இதை அனுப்புங்கள். அவர் வாசிக்காவிட்டால், அவர் வீட்டில் யாருக்காவது அனுப்புங்கள்.”