ஆடியில் திருத்திய பிழை

சேலம்,
21.11.1988

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் பெங்களூர் சளி விட்டதா?

எனக்குத்தான் இங்கே தலை வெடிக்கிறது. மில் கம்ப்யூட்டரில் நூல் மூட்டைக்கு லேபிள் அடிக்கும் உங்கள் புரோகிராமில் ஆடியிலேயே நான் திருத்திய பிழை, தீபாவளிக்குப் பிறகு மறுபடி வந்துவிட்டது. மெல்லிய அறுபதாம் நம்பர் நூலுக்குப் பருமனான நாற்பது என்று லேபிள். அதை நம்பிப் பாவு போட்ட அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் இரண்டு பேருக்கு முழுசும் வீண். திருத்தங்களைச் சேர்த்து வைக்கும் எஸ்.சி.சி.எஸ்.ஸில் என் திருத்தம் பத்திரமாக இருக்கிறது. ஃபைல்களைச் சேர்த்துப் புரோகிராமாக்கும் மேக் கமாண்டை மெயின் டைரக்டரியில் கொடுத்தால் சரியாக வருகிறது. உள்ளே லேபிள் டைரக்டரிக்குப் போய்க் கொடுத்தால் அதே பழைய பிழை. மார்கழி பிறப்பதற்குள் சரியாகாவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம் மேனேஜர். எழுதினவர் நீங்கள், வழி சொல்லுங்கள்.

உங்கள் சாரதா


பெங்களூர்,
24.11.1988

அன்பு சாரதாவுக்கு,

மேக் சரியாகத்தான் வேலை செய்யும். நீதான் அவசரத்தில் எதையாவது மாற்றியிருப்பாய். எத்தனை நாளைக்கு இந்த மல்லுக்கட்டு? அந்த வேலை போனால் போகட்டும், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு. வீடு பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சரவணமுத்து


சேலம்,
28.11.1988

மாமாவுக்கு,

நான் எதையும் மாற்றவில்லை. லேபிள் டைரக்டரியில் ஒவ்வொரு ஃபைலாகத் தேதி பார்த்தேன். நூல் நம்பர் ஃபைலின் முதல் பிரதி, நீங்கள் ஆரம்பத்தில் எழுதியது, அங்கே கிடந்தது. பக்கத்திலேயே பிரதி இருந்தால் மேக் அதையே எடுத்துக்கொள்ளும், எஸ்.சி.சி.எஸ். பக்கம் திரும்பாது. தேதி நவம்பர் ஒன்பது. போட்டவர் பெயர் சரவணமுத்து. தீபாவளிக்கு மறுநாள் "அஞ்சு நிமிசம் பாத்துட்டு வாரேன்" என்று மெஷினில் உட்கார்ந்தீர்களே!

அழித்துவிட்டு மேக் கொடுத்தேன், அறுபது அறுபதாகவே வந்தது. மறதி யாருக்கும் வரும், அதற்கு ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் என் முதல் கடிதத்தைப் படித்தபோது உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சாரதா


பெங்களூர்,
2.12.1988

சாரதா,

வந்தது. படித்தவுடனே வந்தது. வேலை போனால் நீ இங்கே வந்துவிடுவாய் என்று சும்மா இருந்துவிட்டேன். நமக்குக் கலியாணமாகி மூன்று வருஷம், தனியாகச் சமைத்துத் தின்று அலுத்துப்போய்விட்டது. என் தப்புத்தான் என்று மேனேஜருக்கு எழுதியது இத்துடன் இருக்கிறது, கொடுத்துவிடு. கோபித்துக்கொள்ளாதே.

சரவணமுத்து


சேலம்,
6.12.1988

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதை மேனேஜரிடம் கொடுக்கவில்லை. பழைய பிரதி ஒன்று கிடந்தது, எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். வேலை நிலைத்தது. "யாரும்மா போட்டது?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்றேன். உங்களைக் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை. நான் கிடந்து தவிப்பதைக் கட்டினவரே தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

மெஷினில் உங்கள் லாகினை எடுத்துவிட்டேன். பொங்கலுக்கு வர வேண்டாம். ஏன் வரவில்லை என்று அத்தைக்கு நீங்களே எழுதிவிடுங்கள்.

சாரதாமணி