பாகாவுக்கு ஒரு கூப்பே

இன்று காலை பரணிலிருந்து இரும்புப் பெட்டியை இறக்கித் திறந்தேன். முதலில் அந்துருண்டை வாசனைதான் வந்தது. அதற்கடியில், இத்தனை மாதம் மூடிக் கிடந்தும் போகாமல், உங்கள் காப்பித்தூள் வாசனை. கடையில் போட்டுக்கொண்டு நின்ற ஸ்வெட்டரை ஒரு தடவைகூடத் துவைக்க விட்டதில்லையே நீங்கள். துவைத்தால் சுருங்கிவிடுமாம். இரண்டு கைகளையும் வெட்டிக் கொடுத்து, ஒன்றாகச் சேர்த்து பாகாவுக்கு உடுப்புத் தைக்கச் சொன்னபோது மட்டும் அந்தக் கவலை வரவில்லை. தையற்காரர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு குளிருக்கும் நீங்கள் கையில்லாத ஸ்வெட்டரோடும், அவன் உங்கள் கைகளோடும் திரிந்தீர்கள்.

அந்த உடுப்பை இப்போது அவனுக்குப் போட்டுவிட்டேன். என் காலடியில் படுத்திருக்கிறான். இன்று சாயங்காலம் நானும் அவனும் தில்லிக்குப் போகிறோம்.

போகிறோமா என்பது சார்ட் போட்டால்தான் தெரியும். முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் படுக்கிற சின்ன அறை, கூப்பே என்கிறார்கள், அது முழுவதும் நம் பேருக்குக் கிடைத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டு. அதில் அவனை ஏற்ற மாட்டேன். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை கிளம்பினோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. தில்லியைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஏன் ஆசைப்பட்டீர்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கடை ரேடியோவில் நாள் முழுக்கத் தில்லிச் செய்தி கேட்டுக் கேட்டு வந்த ஆசையாக இருக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு ஹௌரா என்றாலே தெற்கே போகும் வண்டிதான். லீவு விட்டால் தென்காசி. கல்யாணம், கொடை, காதுகுத்து, திரும்பி வந்தால் கடை. பூஜை லீவுக்குப் பக்கத்து வீட்டு வங்காளிகள் எல்லாரும் ஃபிளாஸ்க்கும் குரங்குக் குல்லாவுமாக மலைக்கும் கடலுக்கும் போவதைப் பார்த்து, "இவுகளுக்கு ஊர்ல சொந்தக்காரங்க கெடையாதா?" என்று கேட்ட மனிதர் நீங்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் வந்து, "தில்லிக்கு டிக்கெட் போட்டாச்சு, மூணு பேருக்கும்" என்றீர்கள்.

மூன்றாவது ஆள் பாகா. நாய்க்கு எப்படி டிக்கெட் என்று கேட்டேன். "எத்தன வருசமா பார்சல் ஆபீசுல சாமான் எடுக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். தெரிந்ததெல்லாம் அப்பளக் கட்டும் காப்பிக்கொட்டை மூட்டையும். அவனையும் அதே தராசில் உட்கார வைத்து நிறுத்தார்கள். கழுத்தில் சீட்டுக் கட்டினார்கள். அதுவரைக்கும் உங்கள் முகத்தில் பெருமைதான். கார்டு பெட்டிக்குப் போய், அந்த இரும்புக் கூண்டின் கதவைத் திறந்து காட்டினதும் நீங்கள் குனிந்து உள்ளே பார்த்தீர்கள். அவனும் உங்களோடு சேர்ந்து எட்டிப் பார்த்தான். பிறகு உங்களைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

"நம்ம புள்ளைய நாமளே அடைக்கவா? வா, வீட்டுக்குப் போவோம்."

டிக்கெட் போனது. லட்டுப் பொட்டலமும் புளியோதரையுமாக ஆற்றங்கரையில் வந்து உட்கார்ந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களோடு பேசவில்லை. நீங்கள் புளியோதரையைத் தின்றுகொண்டே சொன்னீர்கள்: "தில்லிக்கு முந்தி இந்த ஊருதான தலைநகரு? இத நாம பாத்திருக்கமா?" பார்க்கவில்லைதான். பவானிபூரில் இத்தனை காலம் குடியிருந்தும் விக்டோரியா நினைவு மண்டபத்தை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. மறுநாள் கடையைத் திறக்கவில்லை. ஊர் பார்க்கப் போனோம், சொந்த ஊரையே. நாயை உள்ளே விடாத இடத்திலெல்லாம் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், நீங்கள் அவனோடு வெளியே நிற்பீர்கள். பிறகு உங்கள் முறை. நீங்கள் ஒரு இடத்துக்கும் உள்ளே போகவில்லை. "வெளிய இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மைதானத்துப் புல்லில் அவனோடு படுத்துக்கொண்டீர்கள். நாம் இரண்டு பேரும் ஊர் சுற்றினது என்று பார்த்தால் அந்த ஒரு நாள்தான்.

கூப்பே என்று ஒன்று இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. வருஷா வருஷம் தள்ளிப் போட்டோம். ஒரு குளிருக்குக் கடை, ஒரு குளிருக்கு மகள் கல்யாணம். போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, குரல் சரியாக வராமல், என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "குளிர் வரட்டும். இந்தத் தடவ கூப்பேலயே போவோம், மூணு பேருமா." நான் தலையாட்டினேன். குளிர் வந்துவிட்டது. நீங்கள் இல்லை.

பாகாவுக்கும் வயதாகிவிட்டது. பின்னங்கால் இரண்டும் இழுக்கின்றன. அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தாங்கித்தான் படியிறக்குகிறேன். மருத்துவரிடம் கேட்டேன். "கூட்டிட்டுப் போறதா இருந்தா இந்தக் குளிர்லயே போங்க. அடுத்த குளிர நான் உறுதியாச் சொல்ல மாட்டேன்" என்றார். பிரயாணத்துக்குச் சான்றிதழும் அவரே எழுதிக் கொடுத்தார்.

உங்கள் தங்கச்சிக்கு எப்படியோ தெரிந்து தென்காசியிலிருந்து போன் வந்தது. "மதினி, அண்ணன் போயி வருசம் திரும்பல. தலைத்திவசம் கழியட்டும். அதுக்குள்ள ஊரு சுத்தப் போனீயன்னா நாலு பேரு என்ன பேசுவாக?"

அவள் சொல்வதில் தப்பில்லை. நம் பக்கத்தில் ஒரு வருஷம் கோயில் குளம்கூடக் கிடையாது. வேறு யாராவது இப்படிக் கிளம்பியிருந்தால் நானே பேசியிருப்பேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "தலைத்திவசத்துக்கு நான் வந்து நிப்பேன், ஒரு கொறையும் வைக்க மாட்டேன். எனக்கு வருசம் இருக்கு தாயி. பாகாவுக்கு இல்ல. மூணு பேர்ல ரெண்டு பேருதான் மிச்சம். இந்தக் குளிரையும் விட்டா ஒருத்திதான்."

பிறகு, "ஸ்வெட்டர் இருக்கா மதினி?" என்று கேட்டாள். உங்கள் தங்கச்சிதானே.

மகளிடம் டிக்கெட் போடச் சொன்னால் அவள் வேறு ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். "அம்மா, கூப்பேன்னா ரெண்டு பேர் வேணும். நீ ஒருத்தின்னா குடுக்க மாட்டாங்க. இந்த வயித்தோட என்னால வர முடியாது. பாகாவ ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போயேன்." நாய்களுக்கு ஹாஸ்டல் இருக்கிறதாம். நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஆள் யார் என்று யோசித்தபோது எனக்குக் கீழ்வீட்டு வங்காளி மாசிமாவைத் தவிர யாரும் தோன்றவில்லை. சிரிக்காதீர்கள். பாகா வந்த நாள் முதல் அந்த அம்மாளுக்கும் உங்களுக்கும் சண்டை. வியாழக்கிழமை லட்சுமி பூஜைக்கு வாசலில் அரிசிமாவு கரைத்து அல்பனா போடுவாளே, நம் மாக்கோலம் மாதிரி, நடுவில் லட்சுமியின் சின்னச் சின்னப் பாதங்களோடு. ஈரம் காய்வதற்குள் இவன் அதன்மேல் நடந்து மாடியேறிவிட்டான். "லட்சுமி என் வீட்டுக்கு வரணும்னு பாதம் போட்டா, நாய்ப் பாதம் உங்க வீட்டுக்குப் போகுது" என்று தெருவே கேட்க வங்காளத்தில் கத்தினாள். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் அவள் வாசலைத் தாண்டும்போது அவனைத் தூக்கிக்கொண்டீர்கள். தொந்தியும் தொப்பையுமாக, கும்பாபிஷேகத்துக் குடம் எடுத்துப் போகிற மாதிரி, ஒரு சொட்டும் சிந்தாமல். அவனும் அதைப் பழகிக்கொண்டு, அந்த இடம் வந்தால் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் வியாழக்கிழமை அவனைக் கீழே கொண்டு போகத் தயங்கி நின்றேன். என்னால் அவனைத் தூக்க முடியாது, முதுகு உங்களுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தால், அல்பனா முழுவதும் சுவர் ஓரமாக ஒதுங்கியிருந்தது. லட்சுமி சுவரை ஒட்டி வந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு நாய் நடக்கிற அகலத்துக்குத் தரை வெறுமையாக இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அப்படித்தான். பாகா மட்டும் அங்கே வந்ததும் உட்கார்ந்து, மாடிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் இழுத்த பிறகு நடப்பான்.

அந்த வெறுந்தரையை நம்பித்தான் போய்க் கேட்டேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு வங்காளத்தில் நடந்தது, உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மாசிமா, என்னோட தில்லிக்கு வர்றீங்களா?"

"நாயோடவா?"

"நாயோடதான்."

இன்னும் கொஞ்சம் பட்டாணி உரித்தாள். "வருஷத்துக்குள்ள போறது உங்க ஊர்ல தப்பில்லையா?"

"தப்புன்னுதான் சொல்றாங்க."

"எங்க ஆளுங்களும் சொல்வாங்க. சொல்லிக்கிட்டே வழிக்கு லுச்சி கட்டிக் குடுப்பாங்க." எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். "குரங்குக் குல்லாவ வெயில்ல போடணும். தில்லிக் கோட்டைக்குள்ள முதல்ல நான் போவேன், நீ நாயோட வெளிய நில்லு. அப்புறம் உன் முறை." நான் சொல்லாமலே சொன்னாள். நாயோடு ஊர் பார்க்கிற முறை அதுதான் போலிருக்கிறது.

திட்டம் எல்லாம் தயார். லோதி தோட்டத்தில் நாய்கள் நடக்குமாம், காலையில் அங்கே. நாய்க்கு இடம் தரும் விடுதி ஒன்றை மகள் தேடிக் கொடுத்துவிட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். கடையைச் சாத்திப் பலகை மாட்டியிருக்கிறேன்: 'தில்லி போயிருக்கிறோம்.' நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் பலகையைப் பார்த்து மயங்கி விழுந்திருப்பீர்கள்.

கூப்பே கிடைக்காவிட்டால் பாகாவோடு ஆற்றங்கரைக்குப் போய்ப் புளியோதரை தின்றுவிட்டு வீடு திரும்புவேன். நாளைக்கே மறுபடி டிக்கெட் போடுவேன். கிடைக்கிறவரை போடுவேன்.

போனில் ஏதோ வருகிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

காலையில் அங்கே நிறுத்தினேன். இப்போது வண்டியிலிருந்து எழுதுகிறேன். கூப்பே கிடைத்துவிட்டது. பார்சல் ஆபீசில் பாகாவுக்கு டிக்கெட் போட்டார்கள், நிறுத்தார்கள், அவன் கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது கீழ்ப் படுக்கைக்கு அடியில் நீட்டிப் படுத்திருக்கிறான். மாசிமா குல்லாவோடு உட்கார்ந்து லுச்சிப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். பர்த்வான்கூட வரவில்லை.

கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்று வியாழக்கிழமை. டாக்சி வந்து நிற்கிறது, பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. பிரயாண நாள் என்றாலும் மாசிமா அல்பனாவை விடவில்லை. சுவரோரம் லட்சுமி, இந்தப் பக்கம் வழி. துண்டால் தாங்கி அவனை அதுவரை இறக்கினேன். அங்கே வந்ததும் உட்கார்ந்தான். மாடியைப் பார்த்தான். இழுத்தேன், வரவில்லை. "நேரமாச்சு, பாதத்து மேலயே நடக்க விடு, அழிஞ்சா அழியட்டும்" என்றாள் மாசிமா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. மாடியில் யாரும் வராததைப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். உங்களைப் பார்ப்பானே, அதே பார்வை.

குனிந்தேன். முதுகு வேண்டாம் என்றது. இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கிவிட்டேன். முன்னங்கால்களை என் தோளில் போட்டுக்கொண்டான். உங்கள் ஸ்வெட்டரின் கைகள் இரண்டும் என் கழுத்தைத் தொட்டன, காப்பித்தூள் வாசனையோடு. அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் நடந்தேன். லட்சுமியின் ஒரு பாதம்கூட அழியவில்லை. டாக்சிக் கதவு வரைக்கும் அவனைக் கீழே விடவில்லை.

தில்லியில் நிறையப் படிகள் உண்டு என்கிறாள் மாசிமா. இருக்கட்டும். தூக்கிக்கொள்கிறேன்.