இருவருக்கான சீட்டு

நெப்ராஸ்கா
மே 8, 1983

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

நேற்று எங்கள் பள்ளியில் நடன விழா. வாசலில் போட்டிருந்த மூன்று மேஜைகளில் ஒன்றில் சீட்டு வாங்கிப் பார்க்கும் வேலை எனக்கு. ஜோடி என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் என்பது தலைமையாசிரியரின் விதி. என் மாணவன் டுவைட் தன் காதலன் லைலுடன் கைகோத்து வந்தான். இருவர் கோட்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பூ.

"ரெண்டு பேருக்குன்னுதானே சார் சீட்டுல போட்டிருக்கு? நாங்க ரெண்டு பேர்தான், எண்ணிக்குங்க," என்று சிரித்தான்.

"விதி அப்படிப்பா. வீட்டுக்குப் போங்க."

சிரிப்பு நின்றது. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி சார்?"

கோட்டிலிருந்த பூவைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, லைலைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பெரிதாக வேறொன்றும் நடக்கவில்லை.

என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்பு. இங்கே இன்னும் குளிர்கிறது. பெண்ணின் புகைப்படம் எதையும் அதோடு வைக்காதே. நானும் டுவைட் மாதிரிதான் என்பது உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் என் மேஜைக்கு வந்தான், அம்மா.

அவசரத்தில் முடிக்கிறேன்.

வாரன்