குழலுக்குள் இறுகிய பேட்டரி

மார்ச் 9, 2010. செவ்வாய்

வீட்டுக்குள் நுழையவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. தாகேதா பேட்டை முழுக்க இருட்டு. வாடகைக்கு எடுத்த நாவலை நாளை திருப்பித் தர வேண்டும். மெழுகுவர்த்தியில் நாலு பக்கம் படித்தேன். எதிரே கொசுவலைக்குள், மதினி ருக்சானாவின் தலையணை ஓரம், நீலமாக ஏதோ மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது.

காக்காவின் மின்சிகரெட்டு. அண்ணன் மாஹிரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இன்னும் 'கூப்பிடுவேன்' என்றே எழுத வருகிறது. மகன் ஜாபர் பிறந்ததும் சிகரெட்டை விடுவதாக மதினியிடம் சத்தியம் செய்து, வேலை பார்த்த கப்பல் சீனாவில் நின்றபோது வாங்கிய எஃகுக் குழல் அது. பொத்தானை அமுக்கினால் நீல விளக்கு எரியும். ஆப்பிள் வாசனையோடு ஆவி வரும். ஜனவரியில், வளைகுடாவில், கப்பலிலேயே நெஞ்சுவலி. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தது அவர் பை மட்டும்.

யாரும் பொத்தானை அமுக்கவில்லை. மதினியின் கை பிள்ளையின் மேல் இருந்தது.

மார்ச் 10

பொத்தான் சிக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். வேறென்ன இருக்க முடியும்?

மார்ச் 13. சனி

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது காக்காவின் உடுப்புகளை எல்லாம் கொடுத்துவிட்டோம். குழலை மட்டும் மதினி தரவில்லை. ஆனால் இத்தனை நாள் பேட்டரி எப்படித் தாங்குகிறது? இன்று கேட்டேன்.

"நாந்தான் சார்ஜ் போடுறேன். கரண்ட் வந்ததும் மொதல்ல அதுக்குத்தான்."

"எதுக்கு மதினி?"

"பின்ன, பட்டினியா கெடக்கணுமா?"

மதினிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பர்மிய எழுத்துதான் தெரியும். அதனால் இந்த நோட்டை ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒளித்துத்தான் வைக்கிறேன்.

மார்ச் 27

ஜாபரின் போர்வையில் பழுப்பாக ஒரு வட்டம். விரல் பட்டதும் துணி பொடிந்து உதிர்ந்தது. மதினி சட்டென்று மடித்துக்கொண்டாள்.

"தேய்ப்புப் பெட்டி பட்டுடுச்சு."

தேய்ப்புப் பெட்டி கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது.

மரவீடு. இரண்டு பக்கமும் மரவீடு. கோடை வந்தால் வீட்டுக்கு வீடு மணல் பையும் தீக்கொக்கியும் தொங்கவிட வேண்டும் என்று வார்டு ஆபீஸ் உத்தரவு போடுவது சும்மா இல்லை. அந்தக் குழல் பிள்ளையின் தலைமாட்டில் தூங்குகிறது.

ஏப்ரல் 4. ஞாயிறு

கீழ்வீட்டு அண்ணன் சபாபதியைக் கூப்பிட்டேன். பர்மிய வழக்கில் எல்லோருக்கும் கோ சபாபதி. கரண்ட் இல்லாத நாளில் தெருவுக்கே பேட்டரி விளக்கு ஓட்டிக் கொடுப்பவர். மதினி இத்தாவில் இருக்கிறாள், புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் வேற்று ஆண் முன் வரமாட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து, "ஒடைச்சுராதீக" என்று மட்டும் சொன்னாள்.

குழலின் இரண்டு முனையும் கழன்றன. பேட்டரி மட்டும் வரவில்லை. குலுக்கினார், தட்டினார். அசையவில்லை.

"இறுகாம என்ன செய்யும்? கப்பலுக்குப் போறதுக்கு முந்தி மாஹிர் புது பேட்டரியத் தூக்கிட்டு வந்தாப்ல, உள்ள போகமாட்டேங்குதுன்னு. டார்ச்சுக்குப் பண்றதுதானே, பிளேடு குடுத்தேன். மேல்தோல உரிச்சிட்டு அடிச்சு எறக்கினோம்."

இந்த வார்டில் எல்லோரும் செய்வதுதான். பேட்டரி பெரிதாக இருந்தால் பிளாஸ்டிக் தோலைச் சீவிவிடுவது.

"தங்கச்சி, நீ தள்ளிக்க" என்று சொல்லி, திருப்புளியை ஓரத்தில் விட்டு நெம்பினார். பட்டென்று ஒரு வெள்ளைப் பொறி. "அய்யோ சாமி!" திருப்புளி ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம். திருப்புளி முனையில் கறுப்பாக ஒரு பள்ளம்.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க அண்ணன் கோவக்காரர்னு தெரியும், இவ்வளவு கோவக்காரர்னு தெரியாது" என்றார்.

திரைக்குப் பின்னால் மதினி சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல் முறை. சிரிப்பு பாதியில் வேறாக மாறிவிட்டது.

ஏப்ரல் 5

குழலை வாசலில் மணல் தகரத்துக்குள் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். வந்து பார்த்தால் தலையணை அடியில்! சார்ஜும் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 18

பாலத்துக்கு அந்தப் பக்கம், போட்டாதாங்கில், ஆபீஸ் பக்கத்தில் போன் கடைகள் இருக்கின்றன. ஆனால் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் குண்டு வெடித்த பிறகு பஸ்ஸில் ஏறுகிறவர்களின் பையை எல்லாம் திறந்து பார்க்கிறார்கள். மின்னுகிற இரும்புக் குழலோடு பாலத்தைத் தாண்ட முடியுமா? நாமேதான் எடுக்க வேண்டும்.

யோசித்தேன். தோல் போய்விட்டதால் பேட்டரியின் உடம்பு முழுக்க ஒரு முனை. குழலும் எஃகு, அதில் உரசும்போது பொத்தான் இல்லாமலே எரிகிறது. தலையில் உள்ள மொட்டு மறுமுனை. இரண்டுக்கும் நடுவே தலைமயிர் அளவு இடம். திருப்புளி அந்த இடத்தில் பாலம் போட்டிருக்கிறது. ஆகவே இரும்பு கூடாது. நெம்பக் கூடாது. அடிக்கக் கூடாது. தட்டையான பின்பக்கத்திலிருந்து மரக்குச்சியால் நேராகத் தள்ள வேண்டும். அதற்கு முன் உள்ளே இருக்கும் சார்ஜ் தீர்ந்து போக வேண்டும்.

கடைசி வரியை மதினியிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 24. சனி

சொன்னேன். கத்தினாள். "ஒனக்கு அண்ணன், எனக்கு யாரு? நீ புஸ்தகத்துல படிச்சிட்டு வந்து அணைச்சிருன்னு சொல்லுவே!" நானும் கத்தினேன். என்ன கத்தினேன்— புள்ள எரிஞ்சு போனா சார்ஜ் போட்டு எழுப்புவியா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேறு எப்படிக் கேட்பது?

சாயங்காலம் அவளே குழலைக் கொண்டுபோய் வாசல் மணலில் வைத்தாள். பிறகு கதவுக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 29

வெளிச்சம் மங்கிவிட்டது. மின்னி, வெகு நேரம் கழித்து மின்னுகிறது. கரண்ட் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் "மீ லாபீ!", கரண்ட் வந்தாச்சு, என்று கூவினார்கள். மதினி எழுந்திருக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

மே 3

நேற்றிலிருந்து மின்னவில்லை. "இப்ப சும்மா கெடக்கே, அப்படியே வெச்சுக்குவோமே" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னதுதான்.

"வேணாம் ஹாஜரா. அது உள்ள இருக்குற வரைக்கும் ஒரு நாளைக்கு நான் போட்டுருவேன். எடுத்துரு."

மே 8. சனி

காலை. வாசற்படி. மணல் பைகளை அவிழ்த்துத் தட்டில் கொட்டினோம். ஜாபரை கோ சபாபதியின் மனைவி வைத்துக்கொண்டாள். மதினி வளையல் போடுவதில்லை. நான் மோதிரத்தைக் கழற்றினேன். அவள் காய்ந்த துணியால் குழலைப் பிடித்தாள், வாய்ப்பக்கம் மணலைப் பார்க்க. நூடுல்ஸ் சாப்பிடும் மரக்குச்சியின் தட்டை முனையை நான் பின்பக்கத்தில் வைத்துத் தள்ளினேன்.

அசையவில்லை. "சூடு இருக்கா?" என்றேன். "இல்ல. குளுந்துதான் இருக்கு." அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அவள் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மறுபடி தள்ளினேன். மெதுவாக. ஒரு நெல்லளவு. பிறகு வழுக்கிக்கொண்டு மணலில் விழுந்தது. இவ்வளவு சின்னதா! காக்காவும் சபாபதியும் சீவிய பிளேடுக் கோடுகள் உடம்பு முழுக்க. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மணலோடு ஜாடியில் போட்டு, கூரைக்கு எட்டாத வேலி ஓரத்தில் வைத்தேன்.

வெறும் குழலை மதினி கண்ணருகே வைத்து அந்தப் பக்கம் பார்த்தாள். "தெரு தெரியுது" என்றாள்.

மே 30

மதினியின் இத்தா முடிந்தது. ஜாபரைத் தூக்கிக்கொண்டு கடைவரை போய் வந்தாள்.

ஜூன் 14. திங்கள்

மழை. சாயங்காலம் கரண்ட் போனது. படிக்கவில்லை. கொசுவலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினியும் பிள்ளையும் நன்றாகத் தூங்கினார்கள். எங்கும் நீலம் இல்லை. வெகு நேரம் பார்த்தேன்.

தெருவில் "மீ லாபீ!" எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து காக்காவின் குழலுக்குரிய சார்ஜரை எடுத்துச் சுவரில் செருகினேன். அதில் மாட்ட எதுவும் இல்லை. அதன் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எப்போது விழித்தாளோ தெரியாது. வலைக்குள்ளிருந்து மதினி சொன்னாள், பிள்ளை எழாதபடி:

"ஹாஜரா, கழட்டிரும்மா. சூடாயிரும்."

கழற்றினேன்.